கம்பி சுற்றிய பன்னிரண்டு போத்தல்கள்

இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குக் கொழும்பிலிருந்து தங்கை மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கண்ணாடிச் சாடிக்குள் கலங்கிய பழுப்பு நீர், மேலே அழுக்குப் பஞ்சுபோல ஒரு படை. அடியில், “மாமா, வீட்டுல பியர் போட்டிருக்கேன். இது நார்மலா? நீங்க தேயிலை ஸ்டோர்ல இருந்தவருதானே” என்று கேட்டிருந்தான்.

நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேனே என்று சிரிக்காதீர்கள். இருபத்திரண்டு வயதில் தொடங்கிய நாட்குறிப்பு, முப்பத்தோரு கொப்பிகளாக அலுமாரியில் இருக்கிறது. “இவரு தும்மினாலும் நேரம் எழுதி வச்சிருவாரு” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி சொல்வாள். பொய்யில்லை. காய்ச்சலாக மாறிய தும்மல்களை எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

படத்துக்கு மணம் கிடையாது. ஆனாலும் எனக்கு ஊறிய பாண் ரொட்டியின் மணம் வந்தது. அதற்குப் பின்னாலேயே சூடான இரத்தத்தின் மணமும் வந்தது. இரண்டாம் கொப்பியை எடுத்தேன்.

அப்போது எனக்கு மலையகத்தில் லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அரைத்த கொழுந்தைப் பரப்பிப் புளிக்க விட்டு, பச்சை செம்பு நிறமாவதைப் பார்த்து, மோந்து, “போதும், அடுப்புக்குப் போகட்டும்” என்று சொல்வது என் பொறுப்பு. இருபத்துநான்கு வயதில், நம் ஒரு சொல்லுக்கு ஒரு நாள் கொழுந்து முழுவதும் இடம்மாறினால் தலை கொஞ்சம் வீங்கத்தான் செய்யும். எனக்கு நன்றாகவே வீங்கியிருந்தது.

அந்த அடுப்புக்கு விறகு தள்ளியவர் மாணிக்கம். அவருடைய இடது தோளிலிருந்து முழங்கை வரை ஒரு தழும்பு ஓடும். முந்தைய தீபாவளியன்று சாராய வெறியில் அவர் மனைவி பாக்கியத்தின் தலையைக் கதவு நிலையில் மோதினார். எதிர் லயத்தில், அடுத்த வரிசை வீடுகளிலிருந்த அவளுடைய அண்ணன் சுப்பையா கவ்வாத்துக் கத்தியோடு ஓடிவந்தார். விரல் மொத்தத் தேயிலைக் கிளையை ஒரே வீச்சில் அறுக்கும் கத்தி அது. பதினான்கு தையல். அதன்பிறகு இரண்டு குடும்பமும் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தன, ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்படியிருக்கும்போது மாணிக்கத்தின் மகள் ஜெயந்தி பெரிய மனுஷியானாள். தாய்மாமன் சீர் கொண்டுவராமல் சடங்கு ஏது? பாக்கியம் அண்ணன் வாசலில் போய் நின்றாள். “வாறேன். ஆனா ஒம் புருசன் மேல சாராய வாடை அடிச்சிச்சு, வாசல்லயே திரும்பிருவேன்” என்றார் சுப்பையா.

வெறுங்கையோடு மச்சானை உபசரிக்க மாணிக்கத்துக்கு மனம் வரவில்லை. முன்பு துரை பங்களாக் குசினியில் வேலை செய்தபோது, பார்லியும் சீனியும் ஈஸ்டும் போட்டுச் சமையல்காரர் பியர் செய்வதைப் பார்த்திருக்கிறார். “பியருதான புள்ள, அது என்னா சாராயமா?” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, லயத்துக்குப் பின்னால் விறகுக் கொட்டிலில் ஒரு வாளி நிறையப் போட்டுவிட்டார். பிறகு என்னிடம் வந்தார். “கொழுந்து புளிக்கிறதப் பாத்துச் சொல்றவரு நீங்க. இதையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கய்யா.”

நான் போன அன்று வாளியைக் கவிழ்க்கத் தயாராகக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே பழுப்புத் திட்டுகளோடு நுரை பொங்கி, விளிம்பில் பிசுபிசுத்து வழிந்தது.

“கெட்டுப்போச்சுங்கய்யா. சீழ் புடிச்ச மாதிரி இருக்கு.”

“அது நுரைதான். வேலை செய்யுது. விடுங்க.”

“கேட்டியா பாக்கியம்? ஐயா சொல்லிட்டாரு! இதக் கொட்டச் சொன்னியே, ஒன்னையத்தான் கொட்டணும்.”

“கொட்டுங்க, கொட்டுங்க. அப்புறம் அந்த வாளியவே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க” என்று உள்ளேயிருந்து பாக்கியம் சொன்னாள்.

அன்று நான் சொன்னது சரி. அதுதான் வினையாகப் போயிற்று. அடுத்த முறை என்னை யாரும் சந்தேகிக்கவில்லை, நானும்தான்.

சடங்குக்கு ஐந்து நாள் முன்பு மறுபடி பார்த்தேன். மூன்று நாளாக மூடுபனி, விரல் விறைக்கும் குளிர். நுரை முழுவதும் அடங்கியிருந்தது. ஒரு கிளாசில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். தெளிவு. ஒரு குமிழி இல்லை. பதமாகப் புளித்த கொழுந்தின் அதே செம்பு நிறம். “முடிஞ்சிருச்சு, அடைக்கலாம்” என்றேன். கொப்பியிலும் அப்படியே எழுதி, அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

குளிர் நாளில் கொழுந்து புளிக்க அதிக நேரமாகும் என்று அதே கொப்பியில் சில பக்கங்களுக்கு முன்னால் எழுதியவனும் நானே. கொழுந்துக்கு அடுப்புச் சூடு காட்டினால் புளிப்பு செத்துவிடும். பியருக்கு இளஞ்சூடு காட்டினால் எழுந்துகொள்ளும். அது குளிரில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் செத்துவிட்டதென்று சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டு பழைய சாராயப் போத்தல்கள், மெல்லிய கண்ணாடி. நுரை வரட்டும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சீனி போட்டு, மூடிக்கு மேல் கம்பி சுற்றி முறுக்கினார் மாணிக்கம். குசினி அடுப்புக்கு மேலிருந்த தட்டில் வரிசையாக அடுக்கினார்.

சடங்கன்று நல்ல வெயில். தகரக் கூரை கொதித்தது. குசினியில் மூன்று அடுப்பு எரிந்தது. சுப்பையா தப்பு மேளத்தோடும் சீர்த்தட்டுகளோடும் வந்தார். மாமன் கொண்டுவந்த சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு ஜெயந்தி மணையில் உட்கார்ந்தாள். குசினிக்கு முதுகைக் காட்டிக் கதிரையில் சுப்பையா, அவருக்கு எதிரே நான். “மச்சான், இது நானே போட்டது, சாராயமில்ல” என்று சிரித்தபடி போத்தலோடு பின்னால் வந்தார் மாணிக்கம். ஒரு வருடத்தில் அவர் மச்சானிடம் பேசிய முதல் வார்த்தை அது.

போத்தல் அவர் கையிலேயே வெடித்தது.

யுத்தகாலம். சத்தம் கேட்டதும் பாதிப்பேர் குண்டென்று தரையில் விழுந்தார்கள். சுப்பையாவின் காதுமடல் கிழிந்து தொங்கியது. கழுத்தைத் தடவினார், கையெல்லாம் இரத்தம். திரும்பினார். உடைந்த போத்தல் கழுத்தோடு மாணிக்கம் நின்றார்.

“சீருக்குக் கூப்பிட்டுப் பின்னால வந்தா வெட்டுற, நாயே!”

தேங்காய் உடைக்க வைத்திருந்த கத்தி பக்கத்தில் கிடந்தது. சுப்பையா அதை எடுத்து வெட்டினார். மாணிக்கம் கையை உயர்த்தித் தடுத்தார். இரண்டு விரல்கள் சீர்த்தட்டில் விழுந்தன. இரண்டாம் வெட்டு கழுத்துக்கு ஓங்கியபோது பாக்கியம் அண்ணனின் மணிக்கட்டைப் பல்லால் கவ்விக்கொண்டாள். முழங்கையால் அவள் முகத்தில் இடித்தார். மூக்கு உடைந்து பல் நழுவியபோதும் இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “போத்தல்ணே! போத்தல் வெடிச்சதுண்ணே!” என்று கத்தினாள். நான் கதிரையோடு பின்வாங்கினேன்.

அப்போது தட்டிலிருந்த போத்தல்கள் தாமாகவே வெடிக்கத் தொடங்கின. ஒன்று, இரண்டு, பிறகு சரமாக. கண்ணாடி சுவரில் தைத்தது, நுரை கூரையைத் தொட்டது. சுப்பையா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். கத்தி நழுவியது. “மச்சான்...” என்று தலைப்பாகையை அவிழ்த்து மாணிக்கத்தின் கையைச் சுற்றினார். சிவப்புச் சேலையோடு ஜெயந்தி மணையைவிட்டு எழவே இல்லை.

பொலிஸ் வந்தது. இவர்கள் பழைய எதிரிகள் என்பது தோட்டமே அறிந்தது. மாணிக்கத்தை அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பாக்கியத்தின் பேச்சைத் தங்கைப் பாசம் என்று தள்ளினார்கள். முதல் போத்தல் வெடித்ததை வேறு யாரும் நேரே பார்க்கவில்லை. சுப்பையா என்னைக் கைகாட்டினார். “ஐயா எனக்கு எதுத்தாப்புல இருந்தாரு. போத்தலு தானா வெடிச்சதப் பாத்தாரு. மச்சான் வெட்டிட்டான்னு நெனச்சுத்தான் நான் கத்திய எடுத்தேன். அவரக் கேளுங்க.”

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். திருட்டுப் பியர். பார்த்துச் சொன்னவன் ஸ்டோர் உத்தியோகத்தன். தெரிந்தால் மறுநாள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

“நான் சத்தம் கேட்டுத்தான் வந்தேன்” என்றேன்.

சுப்பையா கிழிந்த காதோடு ஜீப்பில் ஏறினார். பாக்கியம்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்: “நீங்கதானய்யா பாத்துச் சொன்னீங்க?” பழைய பகையில் வேண்டுமென்றே வெட்டினான் என்று சுப்பையாவுக்கு மூன்று வருடம் கிடைத்தது. மாணிக்கம் பிறகு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. வெளியே வந்த சுப்பையா தோட்டத்துப் பக்கம் திரும்பவில்லை. எங்கோ வவுனியாப் பக்கம் செத்துப்போனார் என்று செய்தி மட்டும் வந்தது. ஜெயந்தியின் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்கும் இடம் காலியாகவே இருந்தது.

இரண்டாம் கொப்பியில் அன்றைய பக்கம் இப்படி இருக்கிறது: “ஞாயிறு. மழை. வெளியே போகவில்லை.”

மருமகனுக்கு எழுதினேன்: “பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மூடியை இறுக்காதே. முகத்தைக் கிட்டே கொண்டு போகாதே.” உடனே பதில் வந்தது. “என்ன மாமா, பியருக்குப் போய் இப்பிடிப் பயப்படுறீங்க!”

பிறகு பேனாவை எடுத்து அந்தப் பழைய பக்கத்தின் அடியில் இன்றைய தேதியைப் போட்டு எழுதினேன். “அன்று மழை இல்லை, வெயில். நான் சுப்பையாவுக்கு எதிரே இருந்தேன். போத்தல் தானாக வெடித்தது. அடைக்கச் சொன்னவன் நான்.”

போன மாதம் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஸ்டோரின் தகரத்தைக்கூடக் கழற்றி விற்றுவிட்டார்கள். மண்சரிவுக்குப் பிறகு இரண்டு லயங்களையும் இடித்துவிட்டார்கள். மாணிக்கம் காலமாகிவிட்டார். பாக்கியம் மகளோடு எந்த ஊருக்குப் போனாள் என்று கேட்டுச் சொல்லவும் ஆளில்லை. மானாப்புல்லுக்குள் பாக்கியம் வீட்டு மூன்று சிமெந்துப் படிகள் மட்டும் இருக்கின்றன. இந்தக் கொப்பிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போனால் நான் நிற்க வேண்டிய வாசல் அதுதான்.