கல்யாணப் பந்தலுக்குக் கீழே மூன்று வரிசை கடலைச் செடி

1991 கோடை. ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஆராய்ச்சிக்காக நான் வாடகைக்கு எடுத்திருந்த வேர்க்கடலை நிலத்துக்குப் போனபோது, செடிகளின் மேல் கீற்றுப் பந்தல் நின்றது.

கையிலிருந்த ஃப்ளோரசன்ஸ் மீட்டரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. வேறொரு ஆய்வகத்திடம் கெஞ்சி வாங்கிய கருவி அது. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தேன். அப்போது நான் பிஎச்.டி. மாணவி. தண்ணீர் இல்லாத செடியில் ஒளிச்சேர்க்கை எப்படிக் கெடுகிறது என்பது என் கேள்வி. அதற்காக நிலத்தில் ஒரு பாதிக்குத் தண்ணீர் பாய்ச்சி, மறுபாதியைக் காயவிட்டிருந்தோம். காயவிட்ட பாதியில் மூன்று வரிசை இப்போது நிழலில்.

நிலத்துக்காரர் சூசை ஓடி வந்தார்.

“இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரி கீது? நாளைக்குப் பொண்ணு கல்யாணம். வூட்டாண்ட எடம் பத்தல. பந்தல் போட்டு நாலு நாளாச்சு, ஒரு செடிகூட மிதிபடல.”

“மிதிபடலண்ணா. ஆனா வெயில் படலயே!”

“வெயிலா? அது இன்னா இந்த ஊர்ல பஞ்சமா?”

எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் கைடுக்குப் போன் செய்தேன். “அந்த மூணு வரிசைய விட்டுடும்மா. டேட்டா போச்சு. மிச்சத்தை அளந்துட்டு வா” என்றார்.

இலையில் கிளிப் மாட்டிச் சிறிது நேரம் இருட்டில் வைத்து, பளிச்சென்று ஒளி பாய்ச்சினால், இலை மங்கலாகத் திருப்பி ஒளிரும். அதை வைத்து, வெளிச்சத்தை வாங்கிப் பயன்படுத்தும் திறன் அந்த இலையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று மீட்டர் சொல்லும். நல்ல இலைக்குப் புள்ளி எட்டு வரும். வெயிலில் காய்ந்த செடிகளில் அதில் பாதிதான் வந்தது. கிளம்பும் முன், வயிற்றெரிச்சலில் பந்தலுக்குக் கீழேயும் ஒரு கிளிப் மாட்டினேன்.

புள்ளி ஏழு!

கிளிப்பை மாற்றினேன், செடியை மாற்றினேன். மறுபடியும் ஏறக்குறைய அதே எண். பின்னால் கல்யாணப் பெண் ஸ்டெல்லா வந்து நின்றாள்.

“இன்னாக்கா, எதனா கெட்டுப்போச்சா?”

“இல்லம்மா, நல்லா இருக்கு! நல்லா இருக்கக் கூடாது, ஆனா நல்லா இருக்கு!”

அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மறுபடி பூத்துக்கு ஓடினேன். கைடு பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கல்யாண வீடும்மா. கை கழுவின தண்ணிய யாராவது அங்க ஊத்தியிருப்பாங்க.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திரும்பி வந்து நிழலிலும் வெயிலிலும் வேர் வரை தோண்டி மண் எடுத்தேன். கல்லூரியில் அதை அடுப்பில் உலர்த்தி எடை போட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒரே மாதிரி வறண்ட மண். ஒரு சொட்டுகூட அதிக ஈரம் இல்லை.

இப்போது பரபரப்பு கைடுக்கு வந்துவிட்டது. கருவிக்கு இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்கினார். கல்யாணம் முடிந்து பிரித்த கீற்றை, சூசையும் புது மாப்பிள்ளையும் வேறு காய்ந்த வரிசைகளின் மேல் கட்டித் தந்தார்கள். நாலு நாள் கழித்துக் கைடே வந்து, கீற்றுக்குக் கீழே முட்டிபோட்டு அளந்தார். எண் ஏறியிருந்தது.

“தண்ணி இல்லாதது மட்டும் அடிக்கலம்மா, வெயிலும் சேர்ந்து அடிக்குது!” என்று கத்தினார்.

தண்ணீர் இல்லாத இலை தன் துளைகளை மூடிக்கொள்கிறது. உணவு தயாரிப்பது குறைகிறது. வெளிச்சமோ கொட்டிக்கொண்டே இருக்கிறது. செலவாகாத அந்த வெளிச்சம் இலையையே பழுதாக்குகிறது. வெளிநாட்டு ஆய்வுகளில் இதைப் படித்திருந்தேன். நம் கோடையில், நான் விதைத்த செடியில் பார்த்தது அன்றைக்குத்தான். மிஞ்சிய வெளிச்சத்தை எந்தக் கடலை ரகம் சேதமில்லாமல் கழித்துவிடுகிறது என்று தேடுவதே ஓய்வு பெறும் வரை என் வேலையாயிற்று.

என் மாணவர்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான். எண்ணைப் பார்த்துத் துள்ளத் தோன்றுகிறதா? முதலில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். அங்கே ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகு துள்ளினால், அந்தத் துள்ளலை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாது.