பிரெஞ்சுப் புரட்சி நடத்திய சனிக்கிழமை

போன வாரம் வில்லியனூர் கடைத்தெருவில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பின்னால் ஒரு ஃபேன்சி ஸ்டோர். பள்ளி ஆண்டுவிழா சீசன் போலிருக்கிறது, வாசலில் ஜிகினா கிரீடங்களைக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலில் காய்ந்த அட்டையும் பசையும் கலந்து ஒரு வாடை. சட்டென்று நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். காகிதக் கிரீடத்தைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். நான் பயப்படுவேன்.

பத்து வருடம் இருக்கும். எம்.ஏ. முடித்த சூட்டோடு பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று டீச்சராகச் சேர்ந்தேன். ஒப்பந்த வேலை. பாடப்புத்தகத்தில் உலக வரலாறு ஓட்டமாய் ஓடி முடிந்துவிடும். எனக்கோ நாலு புத்தகம் கூடுதலாகப் படித்துவிட்ட திமிர். ஹெச்.எம்.மிடம் கெஞ்சி, பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலைகளில் கல்லூரித் தரத்தில் ஓர் உலக வரலாற்று வகுப்பு ஆரம்பித்தேன். விருப்பப்பட்டவர்கள் வரலாம். ஒருத்தரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அவர் சரியென்றார். பத்துப் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் ஒருத்தன் எழுந்தான். “ஜூலை பதினாலுக்கு சொல்தா தாத்தாங்கல்லாம் மெடல் குத்தினு பீச்சுல போவாங்களே, அதான மிஸ்?” பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் பக்கம் சொல்தா என்போம். அந்தப் புரட்சியின் நாள்தான் அது, ஆனால் அதற்கு முன்னால் பெரிய கதை இருக்கிறது என்றேன்.

குருமார்கள், பிரபுக்கள், மிச்சமுள்ள ஜனங்கள் என்று அந்த நாடு மூன்றாகப் பிரிந்து கிடந்ததைக் கரும்பலகையில் எழுதினால் தூங்கிவிடுவார்கள். அதனால் நடிக்கச் சொன்னேன். பிரபுவுக்கு ஒரு ஜிகினா அட்டைக் கிரீடம், குடியானவனுக்கு ஒரு சாக்கு மூட்டை வைத்து, யாருக்கு எந்த வேஷம் என்று சீட்டுக் குலுக்கினோம். அங்கேதான் வந்தது வினை.

பிரபு வேஷம் அமலிக்கு விழுந்தது. அவள் அப்பா அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வரி கட்டும் குடியானவன் தணிகைக்கு. அமலி வீட்டார் வெட்டியது தணிகை வீட்டுக் கரும்பு. தணிகை சிரித்துக்கொண்டே சாக்கை முதுகில் போட்டுக்கொண்டான். அமலி கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் குனிந்து மூட்டையை அவள் காலடியில் வைத்தான். எல்லோரும் கைதட்டினார்கள், நான்தான் பலமாக. நேரமாகிவிட்டதால் மிச்சத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

யாரோ செல்போனில் எடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது ஊரில் எல்லார் வாட்ஸ்அப்பிலும் சுற்றிவிட்டது.

திங்கள் காலை பிரேயர் முடிவதற்குள் நாலைந்து பைக்குகள் கேட்டுக்குள் வந்தன. முன்னால் வந்தவர் தணிகையின் சித்தப்பா. கத்தவில்லை. அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது. ஹெச்.எம். அறையில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார்.

“டீச்சர் சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிட்டாங்க. தப்பில்ல. அதே மூட்டைய அந்தப் பொண்ணு ஒரு வாட்டி தூக்கினு வந்து எங்க பையன் கால்ல வெக்கட்டும். நாங்களும் வீடியோ எடுத்துக்கறோம். அத்தோட முடிஞ்சிபோச்சு.”

ஹெச்.எம். என்னைப் பார்த்தார். “ஒரு நிமிஷ வேலைதாம்மா.”

“முடியாது சார்” என்றேன். புரட்சியைப் பற்றி மணிக்கணக்கில் முழங்கிய தொண்டையிலிருந்து பூனைக்குட்டிச் சத்தம்தான் வந்தது. மேஜைக்கடியில் முட்டிகள் இரண்டும் ஆடின.

அதற்குள் அமலியையும் அவள் அம்மாவையும் வரவழைத்திருந்தார்கள். அந்த அம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மகளின் கையைப் பிடித்து, “தூக்கினு வந்துட்றி. நாளைக்கு அவங்க கழனிக்குத்தான போவணும்” என்றார். எதிரில் நின்றவர்களில் ஒருவர் செல்போனைத் தயாராகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

அமலி கையை விடுவித்துக்கொண்டாள். “தூக்கறேன். ஆனா பாதில வுடக் கூடாது. மூட்ட தூக்குனவங்கல்லாம் கடைசில இன்னா பண்ணாங்கன்னு மிஸ் இன்னும் நடத்தல. அதையும் நான்தான் நடிப்பேன். அதையும் எடுங்க.”

சித்தப்பாவுக்கு அது புரிந்ததோ இல்லையோ, பிரபுக்களின் தலை உருண்டதைத்தான் சொல்கிறாள் என்று ஹெச்.எம்.முக்குப் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

அப்போதுதான் வராந்தாவில் நின்ற தணிகை உள்ளே வந்தான். “சித்தப்பா, வூட்டுக்குப் போலாம் வா. சீட்டு எனக்கு வந்துச்சு, நான் தூக்கினேன். அவளுக்கு இன்னா?”

சித்தப்பா ஓங்கி ஓர் அறை விட்டார். கன்னத்திலா காதிலா என்று தெரியவில்லை. அவன் சுவரில் மோதி நின்றான். அழவில்லை. “அவ தூக்கக் கூடாது” என்று மட்டும் திரும்பவும் சொன்னான். சித்தப்பா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பைக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. செல்போன்காரர் கடைசியாகப் போனார், எதையும் எடுக்காமல்.

ஹெச்.எம். முகம் கழுவிக்கொண்டு வந்து, “இனிமே சனிக்கிழமை லீவு லீவாவே இருக்கட்டும்மா” என்றார். தணிகையை டவுனில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். அந்த வருடம் அமலி வீட்டாரைக் கரும்பு வெட்டக் கூப்பிடவில்லை. அவள் அம்மா டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பெருக்கப் போனார். எனக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அது புரட்சியாலா, என் ராசியாலா என்று நான் விசாரிக்கவில்லை.

அமலி வரலாறு படித்து, பிறகு சட்டமும் படித்து, இப்போது சென்னையில் ஒரு வக்கீலிடம் இருக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு போன் செய்தாள். தணிகை எங்கே என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். “அன்னிக்கு அவனுக்கு காதுல ரத்தம் வந்துச்சு மிஸ். நீங்க பாத்தீங்களா?” என்றாள். நான் பார்க்கவில்லை. என் முட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பள்ளியில் இப்போது வரலாற்றுப் பிரிவே கிடையாது, சேர ஆளில்லை என்று எடுத்துவிட்டார்களாம். சனிக்கிழமைகளில் சிறப்பு வகுப்பு நடக்கிறது, நீட் தேர்வுக்கு. அதுவும் வேண்டியதுதான். ஆனால் பரீட்சையில் வராது என்று தெரிந்தும், வருகைப்பதிவு இல்லாமல், லீவு நாளில் தலைவாரிக்கொண்டு வந்து, “அப்புறம் இன்னா ஆச்சு மிஸ்?” என்று கேட்ட பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் இருந்தார்கள் என்று சொன்னால், நான் இப்போது வேலை பார்க்கும் பள்ளியின் ஸ்டாஃப் ரூமில் சிரிக்கிறார்கள்.