புகையைக் குளிப்பாட்டுகிறவர்

என் வீட்டு ஜன்னல் கட்டையில் ஆள்காட்டி விரலை ஒரு இழுப்பு இழுத்து, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறார் மாடி வீட்டுக்காரர். நான் வீட்டைச் சரியாகப் பெருக்குவதில்லை என்று குத்திக்காட்டுகிறார் என ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஊரிலுள்ள புகைபோக்கிகளை எல்லாம் குறை சொல்கிறார் என்று. "இன்னைக்குக் காத்து சாய ஆலைப் பக்கமிருந்து இல்ல, காகித ஆலைப் பக்கமிருந்து வருது," என்பார். வானிலை அறிக்கை கேட்பதை நான் நிறுத்திவிட்டேன்.

தெருவில் அவருக்குப் பெயர் கந்தகம். மூன்று தெரு தள்ளி யாராவது தீக்குச்சி உரசினால், எந்தப் பெட்டியிலிருந்து எடுத்த குச்சி என்று சொல்லிவிடுவார். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சரி, இரண்டு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் தொழில் என்னவென்றால், ஆலைப் புகையில் இருக்கும் கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் விற்பது. சுண்ணாம்புக்கல் தூளைக் கரைத்த தண்ணீரைப் பூமழை மாதிரித் தெளித்து, அதன் நடுவே புகையை விடுவார்களாம். கந்தகம் தண்ணீரோடு இறங்கி, கூரைப் பலகை செய்யும் ஜிப்சமாகிவிடும், புகை சுத்தமாக மேலே போய்விடும். "குழந்தையக் குளிப்பாட்டுற மாதிரிதாம்மா," என்பார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கூரைப் பலகையை அண்ணாந்து பார்ப்பார். அது ஜிப்சமாக இருந்துவிட்டால், சொந்தக்காரரைக் கூட்டத்தில் பார்த்துவிட்டவர் போல ஒரு சிரிப்பு.

காலையில் அவர் சந்தை அறிக்கை படிக்கும் சத்தம் என் சமையலறைக்கு இறங்கி வரும். "உலகம் பூரா இந்த மிஷினுக்குக் கிராக்கி ஏறிக்கிட்டே போகுது."

"உலகத்துக்கு ஏறட்டுங்க. நம்ம வீட்டுப் பக்கம் எப்ப ஏறுமாம்?" இது அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள்.

நான்கு வருடத்தில் அவர் விற்றது ஒரே ஒரு இயந்திரம், சாய ஆலைக்கு. "இன்னொண்ணு வித்தா நூறு சதவீத வளர்ச்சி. எந்தக் கம்பெனி காட்டும் அந்த வளர்ச்சிய?" என்று மனைவியிடம் கேட்டார். கணக்கு டீச்சர் காலண்டரில் மாதக் கடைசிக்கு எத்தனை நாள் என்று எண்ணினாள். ஏனென்றால் அவர் கம்பெனி மேலாளர் கெடு வைத்துவிட்டிருந்தார். இந்த மாதத்துக்குள் இரண்டாவது ஆர்டர் வராவிட்டால் அந்தப் பிரிவையே மூடிவிடுவார்கள். கந்தகம் கம்பெனியின் கீழ்த்தளத்துக்குப் போய், குழாயும் வால்வும் விற்கும் கவுண்டரில் நிற்க வேண்டியதுதான்.

மாதத்தின் கடைசி நாள் காலையில், காகித ஆலை முதலாளி சாய ஆலைக்கு வந்து இயந்திரத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. டீச்சர் சாப்பாடு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். வேடிக்கை பார்க்க யாராவது வேலை உத்தரவு தருவார்களா?

முதலாளி அண்ணாந்து பார்த்தார். புகைபோக்கியிலிருந்து வெண்மேகம் குபுகுபுவென்று கிளம்பிக்கொண்டிருந்தது.

"தம்பி, முன்னாடி கறுப்பா கொஞ்சமா வந்துச்சு. இப்ப வெள்ளையா நிறைய வருது. இதுக்கா நான் மிஷின் வாங்கணும்?"

"அது நீராவி ஐயா. நாம வெந்நீர்ல குளிச்சிட்டு வந்தா ஆவி பறக்காதா?"

"எங்க வீட்டுல யாரும் இவ்வளவு நேரம் குளிக்கிறதில்ல."

கந்தகம் யோசிக்கவே இல்லை. தன் பிறந்தநாளுக்கு மனைவி எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி, புகை கவிழ்கிற பக்கமாகப் பம்ப் அறை மொட்டைமாடிக் கொடியில் மாட்டினார். மதியம் வரை தொங்கட்டும், ஒரு பொட்டு அழுக்கு ஒட்டினாலும் ஆர்டர் வேண்டாம் என்றார். முதலாளிக்குப் பந்தயம் பிடித்துப்போய்விட்டது. "ரெண்டு மணிக்கு வரேன். ராத்திரி விமானத்துக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டே போறேன்."

இரண்டு மணிக்கு முதலாளி சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். காலரைப் பார்த்தார், கைமடிப்பைப் பார்த்தார். சோப்பு விளம்பரத்துக்கு அனுப்பலாம் போல இருந்தது. "ஜெயிச்சிட்ட தம்பி," என்று பேனாவைத் திறந்தார்.

டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினாள். கந்தகமோ சட்டையை வாங்கித் தடவிப் பார்த்தார், முகம் போன போக்கே சரியில்லை. பக்கத்தில் நின்ற சாய ஆலைப் பாய்லர்காரரிடம் மெதுவாகக் கேட்டார்: "மிஷின் மேல இருக்கிற வடிகட்டித் தட்டக் கழுவுனீங்களா?"

"அது... போன வாரம் சார்."

"தினம் கழுவணும்னு எத்தன தடவ சொன்னேன். தட்டு அடைச்சு ஜிப்சம் தூறுது."

"தூறட்டும் சார். வெள்ளையில வெள்ள எவனுக்குத் தெரியும்? பேசாம இருங்க."

கரி ஒட்டுமா என்றே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த இயந்திரத்தின் அழுக்கு வெள்ளை என்பது விற்கிறவருக்கே சட்டையை மாட்டும்போது தோன்றாமல் போய்விட்டது. பேனா காகிதத்துக்கு அரை விரல் உயரத்தில் இருந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றார் கந்தகம். சட்டையைத் தன் கறுப்புப் பேன்ட்டுக்கு நேராகப் பிடித்துப் படபடவென்று உதறினார். தொடையிலிருந்து முழங்கால் வரை மாவு சலித்த மாதிரி ஆகிவிட்டது. "நான் தப்பான கலர்ல மாட்டிட்டேன். இதுதான் அழுக்கு. தட்டக் கழுவினா வராது. கழுவலைன்னா வரும்."

பாய்லர்காரர் தலையில் அடித்துக்கொண்டார். டீச்சர் என் கையை விடவில்லை. என் வளையல் இரண்டு நெளிந்தே போயிற்று.

முதலாளி பேனாவை மூடினார். பேன்ட்டையும் புகைபோக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். "கழுவினா வராதுன்னு நான் எப்படி நம்புறது?"

"இப்பவே கழுவச் சொல்றேன் ஐயா."

"சரி. ஆறு மணி வரைக்கும் பக்கத்து ஆபீஸ்லதான் இருக்கேன். இந்தத் தடவ கறுப்புத் துணியத் தொங்கவிடு."

பாய்லர்காரர் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஓடினார். சாய ஆலை முழுக்கத் தேடினோம். சிவப்பு இருந்தது, நீலம் இருந்தது, கிளிப்பச்சை கூட இருந்தது. அந்த வாரம் கறுப்புக்கு ஆர்டரே இல்லையாம்.

கந்தகம் எங்களைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பாய்லர்காரரின் துண்டு ஆணியில் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு பம்ப் அறைக்குப் பின்னால் போனார். திரும்பி வரும்போது இடுப்பில் துண்டு. கையிலிருந்த கறுப்புப் பேன்ட்டை, ஒரு பொட்டுத் தூள் இல்லாமல் மூன்று தரம் உதறி, மேகம் கவிழ்கிற இடமாகப் பார்த்து, கொடியில் இரண்டு கிளிப் போட்டு மாட்டினார்.