அலுவலகத்துக்குப் போகும் ஊஞ்சல்

செம்மலையின் வலது கை சுத்தியலால் வெல்டிங் கசடைத் தட்டியது. இடது கை சங்கிலியை அசைத்துப் பார்த்தது. நாற்காலிக்குச் சங்கிலி எதற்கு என்று அந்தப் பக்கம் போன எல்லாரும் கேட்டாகிவிட்டது.

அவர் கோவிலூர்ச் சாலையில் பட்டறை வைத்திருப்பவர். கொரோனா சமயத்தில், கூட வேலை பார்த்த இரண்டு ஆட்களும் திருப்பூர் போய்விட்டார்கள். மூன்று பேர் குனிந்து செய்த வேலையை ஒருவரே குனிந்து செய்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்புவார்.

நாற்காலி பாண்டீஸ்வரனுக்கு. அமராவதிபுதூர் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பும் தரையில் காலுமாக உந்தி உந்தியே நாலு வருஷம் சம்பளம் வாங்கியவன். இப்போது சென்னை அலுவலகத்துக்கு நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். முதல் நாளே பழக்கத்தில் காலை உந்தினான். அலுவலக நாற்காலிக்கு அடியில் சக்கரம். பின்னாலேயே உருண்டுபோய் மேலாளரின் காபியைக் கவிழ்த்துவிட்டு நின்றது. உந்தாமல் உட்கார்ந்தாலோ தலை சுற்றி வாந்தி வந்தது. அலுவலகம் அவன் நலன் கருதி ஒரு மூச்சுப்பயிற்சி வகுப்பும் தொட்டியில் ஒரு கள்ளிச்செடியும் கொடுத்தது. திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்காக உட்காராவிட்டால் வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டது.

“பாத்தா நாக்காலியா இருக்கணும்ணே, உக்காந்தா ஊஞ்சலா இருக்கணும்” என்று ஊருக்கு வந்து கேட்டிருந்தான்.

செம்மலை செய்து முடித்தார். சரிபார்க்க உட்கார்ந்ததுதான் வினை. ஆட ஆடக் கழுத்து இளகியது, அப்படியே தூங்கிப்போனார். மறுநாளும் சரிபார்த்தார்.

சனிக்கிழமை பாண்டீஸ்வரன் வந்தபோதும் அதில்தான் இருந்தார்.

“முடிஞ்சிருச்சாண்ணே?”

“பெயிண்ட் காயல தம்பி.”

“காயாத பெயிண்டு மேலயா உக்காந்திருக்கீக?”

“காய வைக்கத்தேன் உக்காந்திருக்கேன். சூடு வேணும்ல?”

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அங்கிருந்து மனைவி மலையம்மாளின் குரல் வந்தது: “தம்பி, அது முந்தாநாளே காஞ்சிருச்சு. நேத்து சோறே அதுல உக்காந்துதேன் தின்னாரு!”

பாண்டீஸ்வரன் கும்பிடாத குறையாக நின்றான். “நாளைக்கு ரயிலுண்ணே. இது இல்லாமப் போனா வேலை போயிரும்.”

செம்மலை ஆட்டத்தை நிறுத்தவில்லை. வேகத்தை மட்டும் குறைத்தார்.

“நீங்க அங்குட்டுப் போயிட்டா, வீட்டு ஊஞ்சல்ல யாரு ஆடுவா?”

“யாரு ஆடுவா, துணிதேன் காயுது.”

“மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொறவு நான் செத்த நேரம் வந்து...”

“அம்மாட்டச் சொல்லிர்றேண்ணே. துணியையும் எடுத்திரச் சொல்றேன்.”

அதன் பிறகே செம்மலை எழுந்தார். கைப்பிடியைத் துணியால் துடைத்து, நாற்காலியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்.

“பாத்து தம்பி, ஆடாமக் கொண்டு போங்க.”