நேராக ஆடிய ஏலக்காய்

பாயசத்துக்கு ஏலக்காய் தட்டினால் போதும், கம்பம் ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை, இப்போது செல்போன் கடையாகிவிட்ட அந்த இடம், ஈரத் தகரத்தின் வாடையோடு என்னைச் சுற்றி எழுந்துவிடுகிறது. தினமும் ஜீப்பில் மலையேறி கேரளாவில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்த அம்மாவுக்காக அக்காவும் நானும் சாயங்காலமானால் அங்கேதான் காத்திருப்போம். மழை இறங்கி மலைப்பாதை மறைந்துவிட்டால் நான் அழத் தொடங்குவேன். உடனே அக்கா, அம்மாவின் பழைய சேலையிலிருந்து உருவி வைத்திருந்த நூலில் ஒரு ஏலக்காயைக் கட்டித் தொங்கவிடுவாள். நேராக ஆடினால் ஜீப் வரும், வட்டமாகச் சுற்றினால் வராது. தகரத்தில் மழை இரைய, வந்த ஜீப்புகளெல்லாம் யார் யாரையோ இறக்கிவிட்டுப் போக, நான் அந்தக் காயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"நேராத்தான ஆடுது பாப்பா, அம்மா வந்துரும்" என்பாள் அக்கா, விரல் வெளுக்க நூலைப் பிடித்தபடி. ஒரு நாள்கூட அது சுற்றியதில்லை.

இன்று அடுப்படியில் ஒரு ஏலக்காயை நூலில் கட்டிப் பிடித்துப் பார்த்தேன். சும்மா விட்டால் அது வட்டமாகத்தான் சுற்றுகிறது.

அப்போது அக்காவுக்குப் பத்து வயது.