நமுத்துப்போன கேப்பு



என் சகலையின் மக்காச்சோளக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் நாசம் செய்துகொண்டிருந்தன. அவரிடம் லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி இருந்தது. மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு வாங்க அரியலூரிலிருந்து திருச்சிக்கு அவரோடு நானும் போனேன். கடைக்காரர் புதுசையும் காட்டினார், நமுத்த பழைய ஸ்டாக்கையும் காட்டினார்.

“எதைப் போட்டாலும் வெடிக்கத்தான போவுது?” என்று சகலை மலிவானதையே எடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் கொல்லையில் நின்று விசையை இழுத்தார். ‘டிக்’ என்றதோடு சரி.

“திருப்பாதீங்க சகல! நமுத்த கேப்பு லேட்டா வெடிக்கும்!” என்று கத்தினேன்.

அவரோ, செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த தன் மகள் பக்கம் துப்பாக்கியோடு திரும்பி இளித்தார். வெடித்தது. அவள் தலைக்கு மேலே சோளத்தட்டை சிதறியது. அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

சகலை கேட்டது ஒன்றுதான்: “வீடியோ வுழுந்துச்சா பாப்பா?”

மிச்சக் கேப்புகளை, வீணாக்கக் கூடாதென்று, இன்னும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். அதன்பிறகு அந்த வீட்டில் நான் கை நனைத்ததில்லை.