பொகவந்தலாவையில் மாறிப்போன ஒரு துண்டு வானம்

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை இலங்கை மலையகத்திலுள்ள பொகவந்தலாவைக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, ஒரு பெண்ணைச் சந்தேகப்பட்டு.

தொலைநோக்கிகள் அனுப்பும் நட்சத்திரத் தரவைப் பாதுகாப்பது எங்கள் வேலை. கோடிக்கணக்கான வரிகள், ஒரே கணினியில் அடங்காது. வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கொழும்பு, கண்டி, பொகவந்தலாவை என மூன்று இடங்களில் பிரதி வைத்திருக்கிறோம். இரண்டு ஒத்துப்போய் ஒன்று மாறினால், மாறியது பிழை என்று கணினியே அதை அழித்து, மற்ற இரண்டின்படி திருப்பி எழுதிவிடும். பொகவந்தலாவையில் ஒரு துண்டு மாறியிருந்தது. அதை அழிக்க விடாமல் பூட்டியும் வைத்திருந்தார், அங்கே பொறுப்பிலிருக்கும் செல்வராணி. ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் எதற்குப் பூட்டுகிறார்? தவறு அவருடையது என்று உறுதியானால் அங்குள்ள எங்கள் நிலையத்தை மூடுவதற்கான கடிதம் என் பையில் இருந்தது. அவர் வேலையும் அதோடு போய்விடும்.

ஹட்டனில் காலை 9.20க்கு பஸ். சுமார் 26 கிலோமீற்றர், ஒன்றேகால் மணி நேரம், 130 ரூபாய். வளைவுகள் வயிற்றைப் புரட்டும், சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். கடைவீதியிலிருந்து ஆட்டோ 500 ரூபாய். மேலே நிலையத்தில் எங்களைப் பற்றி என்னதான் எழுதி வைக்கிறீர்கள் என்று ஓட்டுநர் கேட்டார். வானத்தைப் பற்றித்தான் என்றேன். அவர் நம்பவில்லை. செல்வராணிக்குச் சொந்தக்காரரோ என்று நானும் அவரை நம்பவில்லை.

மூடிய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் மேல்மாடிதான் நிலையம். கணினிகளுக்குத் தேவையான குளிர் அங்கே சும்மா கிடைக்கிறது. செல்வராணி என்னை வாசலிலேயே நிறுத்தி, அடையாள அட்டையை இரண்டு தடவை பார்த்து, வருகைப் பதிவேட்டை நீட்டினார். 'வந்த காரணம்' என்ற இடத்தில் 'பொகவந்தலாவைப் பிழை' என்று எழுதினேன், அவர் பார்க்கட்டும் என்றே.

பார்த்தார். உள்ளே அழைத்துப் போய் ஒரு தாளைக் காட்டினார். வானாய்வகம் முதன்முதலில் தரவோடு அனுப்பிய சரிபார்ப்பு எண்கள்; தரவில் ஓர் எழுத்து மாறினாலும் அவை ஒத்துவராது. அவரிடமிருந்த துண்டு அதோடு அப்படியே ஒத்தது. கொழும்பு, கண்டிப் பிரதிகள் இரண்டும் ஒத்துவரவில்லை.

கொழும்பும் கண்டியும் ஒரே மாதிரி இருக்கின்றனவே என்று விடாமல் கேட்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே தப்பான தாளப் பாத்து எழுதுனா ஒரே மாதிரிதாங்க சார் இருக்கும். கொழுந்து நிறுக்கையில எங்கம்மா அடுத்தவங்க சொல்ற எடைய நம்பமாட்டாங்க. தராச எட்டிப் பாத்துட்டுதான் நகருவாங்க."

சுருக்கென்றது. ஜனவரியில் கண்டியின் கணினி வட்டு பழுதானபோது, கொழும்புப் பிரதியிலிருந்து அதை நிரப்பியவன் நான்தான். கொழும்புப் பிரதி அப்போதே கெட்டிருந்திருக்கிறது. இதைச் சொல்லத்தான் அவர் இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பியிருக்கிறார்; சாக்காகத்தான் இருக்கும் என்று நான் திறக்கவே இல்லை. அவர் பூட்டியிருக்காவிட்டால் அந்தத் துண்டு வானம் மூன்று இடத்திலும் பொய்யாகியிருக்கும். வெட்கமாகப் போய்விட்டது. கடிதத்தை அங்கேயே கிழித்தேன்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டரும் குடையும் கட்டாயம், திரும்பும் பஸ்ஸை நான்கு மணிக்குள் பிடித்துவிடுங்கள். தரவு வைத்திருப்பவர்களுக்கு: பிரதியைப் பிரதியோடு மட்டும் ஒப்பிடாதீர்கள், மூலத்தோடு ஒப்பிடுங்கள். வந்த மின்னஞ்சலையும் திறந்து பாருங்கள்.

கிளம்பும்போது பதிவேட்டை மறுபடி கேட்டு வாங்கினேன். 'பொகவந்தலாவைப் பிழை' என்பதை அடித்துவிட்டு, 'என் பிழை' என்று எழுதினேன்.

செல்வராணி அதை நிதானமாகப் படித்தார்.

"அடிச்சு எழுதுனா பக்கத்துல கையெழுத்து வைக்கணுங்க சார்" என்றார்.

வைத்தேன்.